மாண்ட்ரியல் பெயர்ப்பலகைகள்: எந்த மொழி, எந்த அளவில்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இருக்கிறது மாண்ட்ரியல். அங்கே புதிதாகக் குடியேறுபவர்கள், கடை போட நினைப்பவர்கள், டொராண்டோவிலிருந்து விடுமுறைக்கு வரும் சொந்தக்காரர்கள் என்று எல்லாரும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சட்டப்பிரிவுகளை அப்படியே ஒப்பிக்காமல், தெரு மட்டத்தில் அவை எப்படி வேலை செய்கின்றன என்று சொல்லப் பார்க்கிறேன்.

மாண்ட்ரியலில் ஆங்கிலத்தில் போர்டு வைக்கவே கூடாதாமே, உண்மையா?

இல்லை. கடைப் பலகையில் ஆங்கிலம், தமிழ், சீனம், அரபு எதை வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் பிரெஞ்சு கட்டாயம் இருக்க வேண்டும், அதுவும் மற்ற மொழியைவிடத் தெளிவாகப் பெரிதாக இருக்க வேண்டும். பிரெஞ்சு மட்டும் இருந்தால் போதும். ஆங்கிலம் மட்டும் இருந்தால் போதாது.

இது கடைகளுக்கு. அரசு அலுவலகம், சாலை, மெட்ரோ இவற்றுக்கெல்லாம் கணக்கு வேறு. அங்கே பெரும்பாலும் பிரெஞ்சு மட்டும்தான்.

அப்படியானால் "தடை" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

உண்மையிலேயே தடை இருந்த காலம் ஒன்று உண்டு. 1977 ஆகஸ்டில், ரெனே லெவெக் முதல்வராக இருந்தபோது, பிரெஞ்சு மொழி சாசனம் நிறைவேறியது. எல்லாரும் அதை "சட்டம் 101" என்றுதான் சொல்வார்கள். அமைச்சர் கமீல் லோரன் முன்நின்று கொண்டுவந்தது. சில விதிவிலக்குகள் தவிர, வணிகப் பலகைகள் பிரெஞ்சில் மட்டுமே இருக்க வேண்டும் என்றது அது. "கூடவே சின்னதாக ஆங்கிலம்" என்பதற்கும் இடம் கிடையாது.

இதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் ஒருவர், மாண்ட்ரியலின் மேற்குப் புறநகரான புவான்த்-கிளேரில் கம்பளி நூல் கடை வைத்திருந்த வலெரி ஃபோர்டு. அவர் கடைப் பலகையில் நூலுக்கான பிரெஞ்சுச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவ்வளவுதான் குற்றம். கூடவே பூக்கடை, செருப்புக் கடை என்று வேறு சில கடைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1988 டிசம்பரில் கனடா உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிரெஞ்சு இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லலாம், அது மேலோங்கித் தெரிய வேண்டும் என்றும் சொல்லலாம், ஆனால் மற்ற மொழியை அறவே துடைத்தெடுப்பது கருத்துச் சுதந்திரத்தில் கை வைப்பது என்றது.

அதோடு முடியவில்லை. அப்போது முதல்வராக இருந்த ரொபேர் பூராசா, நீதிமன்றம் உரிமை மீறல் என்று சொன்னாலும் சட்டத்தை நீடிக்க வைக்க அரசமைப்பில் இருக்கும் ஒரு விலக்கு ஷரத்தைப் பயன்படுத்தி, சில நாட்களிலேயே சட்டம் 178-ஐக் கொண்டுவந்தார். கடைக்கு வெளியே பிரெஞ்சு மட்டும், உள்ளே பிரெஞ்சு பெரிதாக இருந்தால் மற்ற மொழியும் வரலாம் என்று ஒரு சமரசம். யாருக்கும் பிடிக்கவில்லை. அவருடைய அமைச்சரவையிலிருந்தே ஆங்கிலம் பேசும் அமைச்சர்கள் மூன்று பேர் விலகினார்கள். அந்த விலக்கு ஷரத்துக்கு ஆயுள் ஐந்து வருஷம்தான். இடையில் ஐ.நா. மனித உரிமைக் குழுவும் இந்தத் தடை சரியில்லை என்றது. 1993-ல் சட்டம் 86 வந்தபோது, உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே காட்டியிருந்த வழியே விதியாகிவிட்டது. மற்ற மொழியும் இருக்கலாம், பிரெஞ்சு மேலோங்க வேண்டும்.

ஆக, வெளிப் பலகைகளுக்கு முழுத்தடை இருந்தது 1977-லிருந்து 1993 வரை. அதற்குப் பிறகு முப்பது வருஷங்களுக்கு மேல் ஆகியும், வெளியூர்க்காரர்கள் இன்னும் பழைய கதையையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

1977-க்கு முன்னால் தெரு எப்படி இருந்தது?

நகரத்தில் பெரும்பான்மை பிரெஞ்சுக்காரர்கள். ஆனால் மையக் கடைத்தெருவில் நின்றால் பெரும்பாலும் ஆங்கிலம்தான் கண்ணில் படும். வங்கி, ரயில்வே, பெரிய துணிக்கடை எல்லாம் ஆங்கிலம் பேசும் முதலாளிகள் கையில் இருந்தன. தொழிலாளியும் வாடிக்கையாளரும் பிரெஞ்சு, பலகை ஆங்கிலம்.

1950-களில் அரசு ரயில்வே நிறுவனம் நகர மையத்தில் ஒரு பெரிய ஓட்டல் கட்டியது. அதற்கு "குயின் எலிசபெத்" என்று பெயர் வைக்கப்போகிறார்கள் என்றதும் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. நகரத்தை நிறுவிய மெசன்னவ் பெயரை வைக்கச் சொல்லி ஏராளமானோர் கையெழுத்திட்டார்கள். ஓட்டல் 1958-ல் குயின் எலிசபெத் என்ற பெயரிலேயே திறந்தது, இன்றும் அதே பெயர்தான். அப்போது தோற்ற கோபம் எங்கேயும் போகவில்லை. 1974-லேயே சட்டம் 22 பிரெஞ்சை மாகாணத்தின் ஒரே ஆட்சிமொழியாக்கி, பலகைகளில் பிரெஞ்சு இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. சட்டம் 101 அதன்மேல் இன்னொரு படி ஏறியது.

கியூபெக்கில் பிரெஞ்சு பெரும்பான்மைதானே? பெரும்பான்மை மொழிக்கு எதற்குக் காவல்?

எந்த வரைபடத்தை விரிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கியூபெக் வரைபடத்தை மட்டும் எடுத்தால், சுமார் முக்கால்வாசிப் பேருக்குத் தாய்மொழி பிரெஞ்சு. கனடா முழுவதையும் எடுத்தால், 2021 கணக்கெடுப்பில் பிரெஞ்சை முதல் ஆட்சிமொழியாகக் கொண்டவர்கள் 21.4 சதவீதம். அதற்கு ஐந்து வருஷம் முன்பு அது 22.2. அமெரிக்காவையும் சேர்த்து வட அமெரிக்காவை விரித்தால் பிரெஞ்சைத் தேட வேண்டியிருக்கும்.

இந்தப் பயத்தைத் தமிழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் அதே பயத்தோடு பெரும்பான்மை அதிகாரமும் சேர்ந்து ஒரே கையில் இருக்கும்போது என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். மாண்ட்ரியல் பலகைச் சண்டைகள் அனைத்திலும் இந்த இரண்டும் கலந்தே இருக்கின்றன. ஒன்றை மட்டும் பார்ப்பவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

"மேலோங்கி" என்றால் என்ன? யாராவது ஸ்கேல் வைத்து அளக்கிறார்களா?

தேவைப்பட்டால் அளப்பார்கள். ஒரே பலகையில் இரண்டு மொழி இருந்தால், பிரெஞ்சுக்கு ஒதுக்கிய இடம் மற்ற மொழிக்கு ஒதுக்கியதைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு இருக்க வேண்டும். கூடவே, நிறத்தையோ வெளிச்சத்தையோ வைத்து ஏமாற்றக் கூடாது. பிரெஞ்சை வெளிர் சாம்பல் நிறத்தில் பெரிதாக எழுதிவிட்டு ஆங்கிலத்தைச் சிவப்பு நியானில் ஒளிரவிட்டால் அது செல்லாது.

எனக்கு இந்த விதி பிடித்திருக்கிறது. சொற்களைப் பிடித்துத் தொங்காமல் அளவைப் பேசுவதால், கடைக்காரர் எதிர்வாதம் பண்ணவும் இடம் குறைவு, அதிகாரி இஷ்டத்துக்குத் தீர்மானிக்கவும் இடம் குறைவு. இந்தச் சட்டம் சந்தி சிரித்த சம்பவங்கள் எல்லாம், அளவை விட்டுவிட்டுச் சொல்லைப் பிடித்துக்கொண்ட சம்பவங்கள்தான். கீழே வருகிறது.

கேஎஃப்சி அங்கே "பிஎஃப்கே" ஆனது இதனால்தானா?

ஆமாம். "பூலே ஃப்ரீ கென்டக்கி" என்பதன் சுருக்கம். பிரான்ஸ் நாட்டிலேயே அது கேஎஃப்சிதான், கியூபெக்கில் மட்டும் பிஎஃப்கே. ஸ்டேப்பிள்ஸ் கடை அங்கே "பூரோ ஆன் குரோ". ஷாப்பர்ஸ் டிரக் மார்ட் "ஃபார்மாப்ரீ". ஸ்டார்பக்ஸ் முன்னால் ஒரு கஃபேயையும் பின்னால் ஒரு காஃபியையும் சேர்த்துக்கொண்டது. ஈட்டன்ஸ் என்ற பெரிய அங்காடி, ஆங்கில உடைமைக் குறியையும் கடைசி எழுத்தையும் கழற்றிவிட்டு வெறும் ஈட்டன் ஆயிற்று. டிம் ஹார்ட்டன்ஸ் பெயரிலும் அந்தக் குறி போனது. ஆனால் சான்-லோரான் சாலையில் புகைபோட்ட இறைச்சிக்குப் பேர்போன ஷ்வார்ட்ஸஸ் இன்றுவரை அதை விடாமல் வைத்திருக்கிறது.

பெயரை மாற்றச் சொல்லிச் சட்டம் எல்லாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பதிவுசெய்த வணிகச்சின்னத்துக்கு, பிரெஞ்சு வடிவம் பதிவாகாத வரையில், விலக்கு இருந்தது. அதனால்தான் பெஸ்ட் பை, காஸ்ட்கோ, வால்மார்ட், கேப் போன்றவை அப்படியே இருந்தன. இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அரசு அமைப்பான மொழி அலுவலகம் பிரெஞ்சு விளக்கச் சொல் ஒன்றைச் சேர்க்கச் சொன்னபோது அவர்கள் வழக்குப் போட்டு 2014-லும், மேல்முறையீட்டில் 2015-லும் ஜெயித்தார்கள். ஜெயித்ததும் அரசு விதியை மாற்றிவிட்டது. 2016 நவம்பர் முதல், பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் பக்கத்தில் "போதுமான அளவு" பிரெஞ்சு இருக்க வேண்டும் என்று வந்தது. பழைய பலகைகளுக்கு மூன்று வருஷம் அவகாசம்.

2025-ல் ஏதோ மாறியதாமே?

2022-ல் நிறைவேறிய சட்டம் 96-ன் பலகை விதிகள் 2025 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்தன. "போதுமான அளவு" போய், "மேலோங்கி" வந்துவிட்டது. கடைப் பெயர் ஆங்கிலமோ தமிழோ, பிரெஞ்சு அல்லாத வணிகச்சின்னமாக இருந்தாலும், வெளியிலிருந்து பார்க்கும்போது ஒரே பார்வையில் விழும் இடத்துக்குள் பிரெஞ்சு எழுத்து அதைப்போல் இரண்டு மடங்கு இடத்தைப் பிடிக்க வேண்டும். பிரெஞ்சு வாசகம் என்றால் கடையில் என்ன விற்கிறது என்ற விவரணையாகவோ ஒரு விளம்பர வாசகமாகவோ இருக்கலாம். திறக்கும் நேரம், தொலைபேசி எண், முகவரி இவற்றையெல்லாம் பிரெஞ்சுக் கணக்கில் சேர்க்க முடியாது. ராத்திரி பெயருக்கு விளக்குப் போட்டால் பிரெஞ்சு வரிக்கும் விளக்குப் போட வேண்டும்.

பெரிய நிறுவனத்துக்கு இது பட்ஜெட்டில் ஒரு சின்னச் செலவு. ஒற்றைக் கதவு வைத்த மளிகைக் கடைக்கு, நல்லா இருக்கிற போர்டைக் கழற்றிப் புதுசு மாட்டுகிற செலவு.

நான் தமிழில் போர்டு வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். பார்க்-எக்ஸ்டென்ஷனிலும் கோத்-தெ-நேஜ் பக்கமும் பார்த்தாலே தெரியும். 1983-க்குப் பிறகு வந்து சேர்ந்த ஈழத் தமிழர்களின் கடைகளில் பிரெஞ்சும் தமிழும் ஒன்றாக இருப்பது சாதாரணம். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் சட்டத்தின் கண்ணில் வித்தியாசம் கிடையாது. இரண்டுமே "மற்ற மொழி".

நடைமுறையில் ஒரு சின்ன விசேஷம் உண்டு. பிரெஞ்சும் தமிழும் மட்டும் வைத்து ஆங்கிலத்தை விட்டுவிட்டால், பலகை சுத்தமாகவும் இருக்கும், அளவுக் கணக்கும் எளிதாக முடியும். மூன்று மொழியும் வேண்டும் என்று அடம்பிடித்தால் பலகையில் இடம் போதாது. நம் வாடிக்கையாளர்களில் பிரெஞ்சும் தெரியாமல், தமிழும் தெரியாமல், ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் முடிவு தானாக வந்துவிடும்.

இன்னொன்று. தமிழ் எழுத்து கொஞ்சம் அகலம் பிடிக்கும். பிரெஞ்சில் எட்டெழுத்தில் முடிகிற மளிகைக் கடைக்கான சொல்லுக்குக் கீழே, "பலசரக்கு மற்றும் காய்கறி அங்காடி" என்று முழுசாக எழுதினால் இரண்டு மடங்கு விதி தலைகீழாகிவிடும். தமிழைச் சுருக்குங்கள், அல்லது பிரெஞ்சை விரித்து எழுதுங்கள்.

கடைக்கு என் அப்பா பெயரையோ ஊர்ப் பெயரையோ வைத்தால்?

ஆள் பெயர், ஊர்ப் பெயர், இட்டுக்கட்டிய எழுத்துச் சேர்க்கை, வேறு மொழித் தொடர் எதையும் வணிகப் பெயரில் வைக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. என்ன கடை என்று சொல்கிற பொதுச்சொல் மட்டும் பிரெஞ்சில் வர வேண்டும். "யாழ்ப்பாணம்" என்ற பெயரோடு உணவகத்துக்கான பிரெஞ்சுச் சொல் முன்னால் வந்தால் பெயர் செல்லும். பிறகு முகப்பில் அளவுக் கணக்கு.

கோயில், தமிழ்ப் பத்திரிகை விளம்பரம், தேர்தல் சுவரொட்டி?

மதம், அரசியல், கொள்கை, மனிதநேயம் சார்ந்த செய்திகள் லாப நோக்கில்லாமல் இருந்தால் பலகை விதியே அவற்றைத் தொடாது. மாண்ட்ரியல் தீவின் மேற்கே தொலார்-தெஸ்-ஓர்மோவில் உள்ள முருகன் கோயிலில் திருவிழா அறிவிப்பைத் தமிழிலேயே ஒட்டலாம். ஆனால் கோயில் மண்டபத்தைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் விளம்பரம் என்றால் அது வணிகம். தமிழில் வெளியாகும் பத்திரிகையில் தமிழ் விளம்பரம் கொடுப்பதற்கும் தடையில்லை.

உணவகத்தின் பட்டியலில் "இட்லி", "கொத்து ரொட்டி" என்று எழுதினால் பிரச்சினையா?

பட்டியல் பிரெஞ்சில் இருக்க வேண்டும், வேறு மொழி அதைவிடத் தூக்கலாகத் தெரியக் கூடாது. உணவின் பெயர் பெயராகவே இருக்கலாம். இட்லியை யாரும் மொழிபெயர்க்கச் சொல்லப் போவதில்லை. அது என்ன, எதில் செய்தது என்ற விளக்கத்தைப் பிரெஞ்சில் கொடுத்தால் சரி.

இவ்வளவு நிம்மதியாக இதைச் சொல்ல முடிவதற்கு ஓர் இத்தாலிய உணவகம் காரணம். 2013 பிப்ரவரியில், புவோனநோத்தே என்ற உணவகத்தின் பட்டியலில் "பாஸ்தா" உட்பட இத்தாலியச் சொற்கள் இருப்பதாக மொழி அலுவலகம் கடிதம் அனுப்பியது. பாஸ்தாவுக்குப் பிரெஞ்சுச் சொல் போடு என்று அர்த்தம். செய்தி உலகம் சுற்றியது. "பாஸ்தாகேட்" என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஆய்வாளர் கொஞ்சம் அதிகமாகவே ஆர்வம் காட்டிவிட்டார் என்று அலுவலகம் பின்வாங்கியது. அடுத்த மாதம் அதன் தலைவர் லூயிஸ் மர்ஷான் பதவி விலகினார். புகார்களைக் கையாளும் முறையையும் மாற்றினார்கள்.

பல வருஷ நீதிமன்ற வழக்குகளால் ஏற்படாத சேதம், ஒரு தட்டுப் பாஸ்தாவால் ஏற்பட்டது.

"மொழிப் போலீஸ்" வந்து கடையைச் சோதிப்பார்களா?

சீருடைபோட்ட போலீஸ் கிடையாது. கியூபெக் பிரெஞ்சு மொழி அலுவலகம் என்ற அரசு அமைப்பின் ஆய்வாளர்கள்தான் வருவார்கள். பெரும்பாலும் யாராவது புகார் கொடுத்த பிறகு வருவார்கள். வந்து போட்டோ எடுப்பார்கள், அளப்பார்கள், பிறகு கடிதம் வரும். சரிசெய்யுங்கள் என்று சொல்லி அவகாசம் கொடுப்பார்கள். பெரும்பாலான விஷயங்கள் அங்கேயே முடிந்துவிடும். கடிதத்தை மேசை டிராயரில் போட்டுப் பூட்டுகிறவர்களுக்குத்தான் அடுத்த கட்டம்.

அபராதம் சின்னதல்ல. நிறுவனத்துக்கு முதல் தடவை 3,000 முதல் 30,000 டாலர் வரை, தனிநபருக்கு 700 முதல் 7,000 வரை. இரண்டாம் தடவை இரட்டிப்பு, அதற்கு மேல் மும்மடங்கு. தப்பு தொடரும் ஒவ்வொரு நாளும் தனிக் குற்றமாகவும் எண்ணப்படலாம்.

சாலைச் சந்திப்பில் ஏன் "ஸ்டாப்" இல்லாமல் "அரே"?

பிரான்ஸிலிருந்து வருகிறவர்களே இதைப் பார்த்துச் சிரிப்பார்கள், ஏனென்றால் அங்கே சிவப்பு எண்கோணத்தில் "ஸ்டாப்" என்றுதான் இருக்கும். கியூபெக்கில் சாலைப் பலகை ஆட்சிமொழியில் மட்டுமே இருக்க வேண்டும். பிரெஞ்சு அகராதிகளிலேயே "ஸ்டாப்" ஏறிவிட்டதால், அதுவும் பிரெஞ்சுதான் என்று மொழி அலுவலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. எனவே ஏதாவது ஒன்றை எழுதலாம். இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் அது இருமொழிப் பலகை ஆகிவிடும்! முன்பு இருந்த இரட்டைப் பலகைகளை 1990-களின் தொடக்கத்தில் நீக்கினார்கள்.

நகரத்திலிருந்து ஆற்றைத் தாண்டினால் கானவாகே. மோஹாக் பூர்வகுடிகளின் பகுதி. அங்கே அதே எண்கோணத்தில் "தெஸ்தான்" என்று மோஹாக் மொழியில் இருக்கும், கூடவே ஆங்கிலம். பூர்வகுடி ஒதுக்குப் பகுதிகளைச் சட்டம் 101 கட்டுப்படுத்தாது. பிரெஞ்சா ஆங்கிலமா என்ற இந்தச் சண்டை முழுக்க நடப்பது மூன்றாவது ஒருத்தரின் நிலத்தில் என்பதை அந்தப் பலகை ஞாபகப்படுத்துகிறது.

தெருப் பெயர்களையும் மாற்றினார்களா?

பொதுச்சொல் எல்லாம் பிரெஞ்சாயிற்று. தெரு, சாலை, சதுக்கம் என்பவை பிரெஞ்சில் முன்னால் வரும், பெயர் அப்படியே நிற்கும். மெக்கில், பீல், ஷெர்புரூக் என்று ஆங்கிலேயர் பெயர்கள் இன்னும் நிறைய இருக்கின்றன.

சில மாற்றங்கள் அரசியல்தான். 1987 நவம்பரில் லெவெக் இறந்ததும், டார்செஸ்டர் பெருஞ்சாலைக்கு அவர் பெயரை வைத்தார்கள். அதே சாலை வெஸ்ட்மவுண்ட் என்ற தனி நகராட்சிக்குள் நுழைந்ததும் மறுபடி டார்செஸ்டர் ஆகிவிடும். ஆங்கிலம் பேசுபவர்கள் அதிகமுள்ள நகராட்சி அது, பெயரை மாற்ற ஒப்புக்கொள்ளவில்லை. எல்லைக்கோடு எங்கே என்று கேட்டால், அந்தப் பலகை மாறும் இடத்தைக் காட்டினால் போதும்.

2019-ல் ஆம்ஹெர்ஸ்ட் தெருவை அதாதெகென் என்று மாற்றினார்கள். மோஹாக் மொழியில் சகோதர சகோதரிகள் என்று பொருள். ஆம்ஹெர்ஸ்ட் பிரிட்டிஷ் தளபதி. பெரியம்மைக் கிருமியைப் பூர்வகுடிகளிடையே பரப்பும் யோசனையை ஆதரித்து 1763-ல் கடிதம் எழுதியவர். இந்தப் பெயர்மாற்றத்தில் ஆங்கிலம் போய் பிரெஞ்சு வரவில்லை என்பது எனக்குப் பிடித்த அம்சம்.

விமான நிலையத்தில் மட்டும் எல்லாம் இரண்டு மொழியில் இருக்கிறதே?

அது மத்திய அரசின் வட்டம். ஆட்சிமொழிகள் சட்டப்படி விமான நிலையம், தபால் நிலையம், மத்திய அரசு அலுவலகம் ஆகியவை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் சேவை தர வேண்டும். கியூபெக்கில் பிரெஞ்சு முதலில் வரும். விமான நிலையத்தில் இரு மொழி பார்த்துவிட்டு, டாக்ஸியில் ஏறி வெளியே வந்ததும் சாலைப் பலகை ஒரு மொழிக்கு மாறுவதைப் பலர் கவனிப்பதில்லை.

மெட்ரோ, பேருந்தில்?

1966-ல் தொடங்கிய மெட்ரோவில் வழிகாட்டிப் பலகைகள் பிரெஞ்சில்தான். படக்குறிகள் நிறைய இருப்பதால் வழி தவற மாட்டீர்கள். வெளியே போகும் வழிக்கு "சோர்த்தி" என்ற சொல்லை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். உடல்நலமோ பாதுகாப்போ சம்பந்தப்பட்டால் அரசு அமைப்புகள் வேறு மொழியையும் சேர்க்கலாம் என்று விதியில் இடமிருக்கிறது.

பேருந்து என்றதும் 2025 ஏப்ரல் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. மாண்ட்ரியலின் ஐஸ் ஹாக்கி அணியான கனாடியன்ஸுக்கு (செல்லப் பெயர் ஹாப்ஸ்) ஊரே "கோ ஹாப்ஸ் கோ" என்று கத்தும், பிரெஞ்சுக்காரர்களும் அப்படியேதான். பேருந்தின் மின்பலகையிலும் "கோ கனாடியன்ஸ் கோ" என்று ஓடிக்கொண்டிருந்தது. "கோ" ஆங்கிலம் என்று புகார் போனதால், போக்குவரத்து நிறுவனம் அதைப் பிரெஞ்சு "அலே" என்று மாற்றிவிட்டது. விஷயம் வெளியே தெரிந்ததும் ஊர் கொந்தளித்தது. மொழிக்குப் பொறுப்பான அமைச்சரே, அந்த முழக்கம் கியூபெக் பண்பாட்டின் பகுதி, விட்டுவிடுங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. மறுபடியும் பாருங்கள், அளவைப் பற்றிய சண்டை அல்ல, ஒரு சொல்லைப் பற்றியது.

இது இலங்கையின் "சிங்களம் மட்டும்" போலத்தானே?

ஈழத்திலிருந்து வந்த பெரியவர்கள் பலர் கேட்கும் கேள்வி. கேட்க நியாயம் இருக்கிறது. 1956-ல் சிங்களம் ஒரே ஆட்சிமொழியாயிற்று. அப்புறம் வாகன எண்பலகையில் சிங்கள ஸ்ரீ வந்தது. தமிழ்ப் பகுதிகளில் அதைத் தமிழ் ஸ்ரீயாக மாற்றினார்கள், தெற்கே தமிழ்ப் பலகைகளில் தார் பூசினார்கள். 1958-ல் அது ரத்தத்தில் முடிந்தது. தமிழும் ஆட்சிமொழி என்று அரசமைப்பில் வர 1987 ஆனது. அதைப் பார்த்தவருக்கு "ஒரே மொழிப் பலகை" என்றாலே வயிற்றைப் பிசைவது இயல்பு.

என் கருத்தில், 1977 சட்டத்தின் பலகைப் பிரிவு அந்தப் பாதையில் கால் வைத்ததுதான். வேறுபாடு அதற்குப் பிறகு நடந்ததில் இருக்கிறது. நூல் கடைக்காரர் ஒருவர் வழக்குப் போட்டு நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் ஜெயிக்க முடிந்தது, அரசு ஐந்து வருஷம் முரண்டு பிடித்துவிட்டுப் பணிந்தது. ஆங்கிலம் பேசுபவர்களின் பள்ளிகளும் மருத்துவமனைகளும் மெக்கில் பல்கலைக்கழகமும் இருந்த இடத்தில் இருக்கின்றன. இப்படி வழக்கில் ஜெயித்து அரசைப் பணியவைப்பது கொழும்பில் தமிழருக்கு வாய்க்கவில்லை. அதற்காக மாண்ட்ரியல் ஆங்கிலேயர்களுக்கு இழப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. சன் லைஃப் காப்பீட்டு நிறுவனம் 1978 ஜனவரியில், மொழிச் சட்டத்தைக் காரணம் காட்டி, தலைமையகத்தை டொராண்டோவுக்கு மாற்றுவதாக அறிவித்தது. பின்னாலேயே போனவர்கள் நிறையப் பேர்.

தமிழ்நாட்டிலும் இப்படி விதி உண்டா?

உண்டு. கடைப் பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும், ஆங்கிலம் இரண்டாவதாகவும், மற்ற மொழி மூன்றாவதாகவும் ஐந்துக்கு மூன்றுக்கு இரண்டு என்ற அளவில் இருக்க வேண்டும். சென்னையில் ஏதாவது ஒரு மாலுக்குள் நடந்து பார்த்துவிட்டு, விதி எவ்வளவு தூரம் நடக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். மாண்ட்ரியல்காரர்கள் கண்டுபிடித்தது விதியை அல்ல, போட்டோ எடுத்துக் கடிதம் அனுப்பும் அலுவலகத்தை.

சரி, இதனால் பிரெஞ்சு வளர்ந்ததா?

தெருவின் முகம் மாறியது, அதில் சந்தேகமில்லை. புதிதாக வருகிறவர், இந்த ஊரில் பிழைக்கப் பிரெஞ்சு வேண்டும் என்று முதல் நாளே புரிந்துகொள்கிறார். வீட்டுக்குள் எந்த மொழி பேசுகிறார்கள் என்பதைப் பலகை தீர்மானிப்பதில்லை. அதில் பள்ளிக்கூடத்தின் பங்கு பெரிது. குடியேறியவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்பதும் இதே சட்டம்தான். கோத்-தெ-நேஜில் தமிழ்ப் பிள்ளைகள் தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றிலும் மாறிமாறிச் சண்டை போடுவது அதனால்தான்.

புதுக் கடை திறக்கப்போகிறேன். போர்டு அடிக்கக் கொடுக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் வணிகப் பெயரைப் பிரெஞ்சுப் பொதுச்சொல்லோடு பதிவுசெய்யுங்கள். அப்புறம் போர்டு செய்பவரிடம் முகப்பின் மொத்த வரைபடத்தைக் கேளுங்கள். பெயர்ப்பலகை மட்டும் போதாது, கண்ணாடியில் ஒட்டப்போகும் ஸ்டிக்கர் வரை எல்லாம் அதில் இருக்க வேண்டும். தமிழும் ஆங்கிலமும் பிடிக்கும் இடத்தைச் சென்டிமீட்டரில் குறித்து, பிரெஞ்சு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேலேயே வரும்படி கொஞ்சம் தாராளமாக வையுங்கள். சரியாக இரண்டு மடங்கில் நிறுத்தினால் போர்டுக்காரர் ஒரு விரல்கடை தவறினாலும் மாட்டிக்கொள்வீர்கள். மொழி அலுவலகத்திடம் முன்கூட்டியே கேட்கலாம், கேட்பதற்குக் காசு கிடையாது. வாடகைக் கட்டடம் என்றால் வீட்டுக்காரரிடமும், போர்டு மாட்ட அனுமதி வேண்டுமா என்று நகராட்சியிடமும் தனியாகக் கேளுங்கள். அந்த அனுமதி வேறு, மொழி விதி வேறு. ஒன்று கிடைத்துவிட்டதென்று மற்றதை விட்டுவிடாதீர்கள்.